ஒழுகுவதற்காகவே ஒரு வாய்க்கால்: பெர்ச்சுலெஸ் மலைக்கிராமத்தின் தண்ணீர்க் கணக்கு

வாய்க்கால் வெட்டுகிற எவரும் தண்ணீர் வழியில் கசிந்து போகக் கூடாது என்றுதான் கவலைப்படுவார்கள். தெற்கு ஸ்பெயினில் பெர்ச்சுலெஸ் என்ற மலைக்கிராமத்தில் கசியட்டும் என்றே வாய்க்கால் வெட்டி, அதற்கு ஆள் வைத்துப் பராமரித்து வந்திருக்கிறார்கள். இந்த வகை வாய்க்காலுக்கு அங்கே ‘அசேக்கியா தே கரேயோ’ என்று பெயர். சுருக்கமாகக் கரேயோ வாய்க்கால். அரபு மொழி பேசிய முஸ்லிம்கள் அந்த மலையில் உழுது வாழ்ந்த காலத்திலிருந்து வருகிற ஏற்பாடு இது. அந்த ஊரின் வயல், வீடு, மரம், சண்டை, சட்டம் எல்லாவற்றுக்கும் அடியில் இந்தத் தண்ணீர் ஓடுகிறது. அதனால் ஊரைத் தெரிந்துகொள்ள இங்கிருந்து தொடங்குவதே சுலபம்.

முதலில் இடம்

பெர்ச்சுலெஸ் கிரனாடா மாகாணத்தில், அல்புஹார்ரா என்ற மலைவட்டாரத்தில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பெர்ச்சுலெஸ், அல்கூத்தார் என்று இரண்டு குடியிருப்புகள். இரண்டும் சேர்த்து எழுநூறு பேர் சொச்சம். பின்னால் நிற்பது சியேரா நெவாதா. இந்த மலைத்தொடரின் முலாசென் சிகரம் 3,479 மீட்டர். ஸ்பெயினும் போர்ச்சுகலும் அடங்கிய ஐபீரியத் தீபகற்பத்தில் அதைவிட உயரமான சிகரம் இல்லை. அந்தச் சிகரத்திலிருந்து மத்தியதரைக் கடல் நேர்க்கோட்டில் 35 கிலோமீட்டர்தான்.

ஊரின் சிக்கல் அந்தக் குறுகிய தூரத்தில்தான் இருக்கிறது. மழையும் பனியும் குளிர்காலத்தில் விழுகின்றன. ஏப்ரல் முதல் ஜூன் வரை பனி உருகி ஆறு நிறைந்து ஓடும். அந்த நேரத்தில் பயிருக்குத் தண்ணீர் அவ்வளவாகத் தேவைப்படாது. பயிர் தண்ணீர் கேட்பது ஜூலையிலும் ஆகஸ்டிலும். அந்த இரண்டு மாதத்தில் மழை இல்லை என்றே சொல்லலாம், ஆறும் இளைத்துவிடும். மலை செங்குத்தாக இருப்பதால், வசந்தத்தில் விட்டுவிட்ட தண்ணீர் குவாதல்ஃபேயோ ஆற்றில் சேர்ந்து நேரே கடலுக்குப் போய்விடும். பெரிய ஏரி வெட்ட அந்தச் சரிவில் மட்டமான இடமும் கிடையாது.

ஆக, மே மாதத் தண்ணீரை ஆகஸ்டு வரை எங்காவது நிறுத்தி வைக்க வேண்டும். அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் மலையின் உள்ளே.

மலைக்குள் எப்படி நிற்கும்?

அங்கே பாறை ‘சிஸ்ட்’ வகை. அப்ரகம் மின்னும், தகடு தகடாகப் பெயரும் கருத்த பாறை. ஆழத்தில் அது கெட்டி, தண்ணீர் இறங்காது. மேலே இருக்கும் அடுக்கு மட்டும் உறைபனியாலும் வெயிலாலும் உளுத்து, வெடித்து, சரளையும் மண்ணுமாகக் கிடக்கிறது. மேலிருந்து விட்ட நீர் இந்த உளுத்த அடுக்குக்குள் இறங்கி, அடியில் கெட்டிப் பாறை தடுப்பதால் சரிவுப்பக்கமாக மெல்ல நகரும். வெட்டவெளியில் சில மணி நேரத்தில் ஓடிவிடும் தூரத்தை, உள்ளே நகர்ந்தால் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கடக்கும். பிறகு சரிவின் கீழே ஊற்றாகப் பொங்கும், அல்லது ஓடையின் கரையில் கசிந்து வரும். கோடையில் ஊருக்குக் கிடைப்பது அந்தத் தண்ணீர்தான். அதற்குள் அது வடிகட்டப்பட்டும் இருக்கும்.

எல்லா மலையிலும் இது நடக்காது. மேலடுக்கு மெல்லியதாக இருந்தால் தண்ணீர் உடனே வழிந்துவிடும். குகைகளும் பொந்துகளும் நிறைந்த சுண்ணாம்புப் பாறையாக இருந்தால் நீர் சட்டென்று இறங்கி, எந்தப் பள்ளத்தாக்கில் வெளிவரும் என்றே சொல்ல முடியாது. கரேயோவைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் பலர் இந்த நிபந்தனையை விட்டுவிடுகிறார்கள்.

அளவு புரிய ஒரு சின்னக் கணக்கு. விநாடிக்கு 100 லிட்டர் ஓடும் நடுத்தர வாய்க்கால் ஒன்று ஒரு நாளில் 8,640 கன மீட்டர் நீரைக் கொண்டுபோகும். அறுபது நாள் ஓடினால் ஐந்து லட்சம் கன மீட்டருக்கு மேல். அத்தனையும் ஊற்றில் திரும்பி வராது. மரமும் புல்லும் ஒரு பங்கைக் குடிக்கும், ஒரு பங்கு வேறு ஓடையில் போய்ச் சேரும். ஆனாலும் அந்தச் சரிவில் அவ்வளவு நீரைப் பிடிக்க ஒரு குளம் வெட்டுவதை நினைத்தே பார்க்க முடியாது.

வாய்க்காலின் உறுப்புகள்

பெர்ச்சுலெஸில் இருவகை வாய்க்கால்கள் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொண்டால் எதுவும் விளங்காது. ஊரையும் வயல்களையும் ஒட்டித் தாழ்வில் ஓடுவது பாசன வாய்க்கால். அதன் வேலை தண்ணீரைச் சிந்தாமல் வயலில் சேர்ப்பது. கரேயோ வாய்க்கால் அதற்கு வெகு உயரத்தில், வயலே இல்லாத மேய்ச்சல் நிலத்தில் ஓடுகிறது. பெர்ச்சுலெஸில் பேர்பெற்ற எஸ்பினோ வாய்க்கால் இந்த இரண்டாவது வகை.

வாய்க்கால் தொடங்கும் இடத்தில் ஒரு கொரம்பு. ஆற்றின் குறுக்கே கல்லை அடுக்கி, இடுக்கில் மண்ணோடு பெயர்த்த புல்கட்டிகளைத் திணித்துக் கட்டுகிறார்கள். அது நிலையான அணை அல்ல. பெருவெள்ளம் வந்தால் அடித்துக்கொண்டு போய்விடும், அப்படிப் போவதுதான் நல்லது. உறுதியாக நின்றால் வெள்ளம் முழுவதும் வாய்க்காலுக்குள் புகுந்து கரையை உடைத்துவிடும்.

கொரம்பிலிருந்து வாய்க்கால் மலையில் ஏறத்தாழ ஒரே உயரத்தை ஒட்டியே வளைந்து வளைந்து போகும். மட்டமாகத்தான் கிடக்கிறதோ என்று தோன்றும் அளவுக்கே சரிவு. அதிகச் சரிவு கொடுத்தால் தண்ணீர் வேகமெடுத்து அடிமண்ணை அரிக்கும். போதாமல் போனால் வண்டல் தங்கும். உள்ளே சிமெண்டும் கல்தளமும் கிடையாது, வெறும் மண். பள்ளத்தாக்குப் பக்கக் கரை மட்டும் கல் கோத்துப் பலப்படுத்தியிருக்கும். ஆங்காங்கே மிகைநீர் வெளியேற ஒரு கலங்கல். மடை என்பது ஒரு பலகைக்கல், அவ்வளவுதான். அதை நகர்த்தி வைத்து, ஓரத்தில் ஒரு புல்கட்டியை அழுத்திவிட்டால் மடை அடைபட்டது.

கடைசி உறுப்பு, மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது: ‘சிமா’. மண் பொத்தலாக, பாறை நன்றாக உளுத்து, நீரை வாங்கும் இடங்களுக்கு அந்தப் பெயர். வாய்க்காலின் நீரை அங்கே சரிவில் பரத்தி விடுவார்கள். பார்க்கிறவருக்குத் தண்ணீரைப் புல்வெளியில் வீணாக்குவது போலத்தான் இருக்கும். சில நூறடி தள்ளிப் பார்த்தால் ஈரம் மட்டும் இருக்கும், ஓட்டம் இருக்காது. எந்தச் சிமாவில் விட்டால் எந்த ஊற்று பெருகும் என்ற கணக்கு ஊரில் தலைமுறையாகத் தெரிந்த விஷயம்.

ஒரு பருவத்தின் வேலை

பனி விலகத் தொடங்கியதும் முதல் வேலை தூர்வாருவது. குளிர்காலத்தில் சரிந்து விழுந்த கல், இலைக்குப்பை, வண்டல் எல்லாவற்றையும் மண்வெட்டியால் அள்ளிப் பள்ளப்பக்கக் கரையில் போட வேண்டும். அந்த மண்ணே கரையை உயர்த்தும். மேட்டுப்பக்கம் போட்டால் அடுத்த மழையில் திரும்ப உள்ளே வரும். நிழல் விழும் மடிப்புகளில் பனி இறுகிக் கிடந்தால் அதை வெட்டி வழி செய்துதான் நீரை விட முடியும்.

அடுத்து கொரம்பு கட்டி, முதலில் கொஞ்சம் நீரை மட்டும் விடுவார்கள். காய்ந்து கிடந்த மண்ணில் பிளவுகள் இருக்கும். எடுத்த எடுப்பில் முழு நீரும் விட்டால் பிளவு வாயாகித் திறந்து கரை போய்விடும். சிறிய ஓட்டத்தில் மண் நனைந்து பிளவுகள் மூடிக்கொண்ட பிறகே அளவைக் கூட்டுவது. நீரின் முனை ஊர்ந்து போக, மண்வெட்டியோடு ஆள் கூடவே நடக்க வேண்டும்.

பிறகு சிமாக்கள். ஒரே இடத்தில் விடாமல் மாற்றி மாற்றி விட வேண்டும். ஒரு சிமா நிறைந்துவிட்டதன் அறிகுறி, நீர் மண்ணில் இறங்காமல் சரிவில் ஓடத் தொடங்குவது. அதற்கு மேலும் அங்கேயே விட்டால் மண் கூழாகிச் சரிவே பெயரும். கோடையில் ஆறு இளைத்து, கீழே பாசன வாய்க்கால்கள் நீர் கேட்கத் தொடங்கியதும் கரேயோ நின்றுவிடும்.

இதைச் செய்கிற ஆளுக்கு ‘அசேக்கியேரோ’ என்று பெயர்; தமிழில் நீர்க்கட்டி, அதாவது ஊர்த் தண்ணீரைத் திறந்து பிரித்துவிடுகிறவர், என்றால் பொருந்தும். பாசனக்காரர் சங்கம் அவருக்குக் கூலி கொடுக்கும். கீழே வயலில் முறை வைத்துத் தண்ணீர் பிரிப்பதும் அந்தச் சங்கத்தின் பொறுப்பு. இன்னார் நிலத்துக்கு இத்தனை மணி நேரம் என்பது கணக்கு. முறை நடுராத்திரியில் வந்தாலும் எழுந்து போய் மடை திறக்க வேண்டியதுதான். இரவு நீரைச் சேர்த்து வைத்துப் பகலில் பாய்ச்சச் சிறு தொட்டிகளும் உண்டு.

எங்கெல்லாம் கெடும்

கரை உடைவதற்கு ஆளைவிட விலங்குதான் அதிகக் காரணம். வயல் எலியும் அகழெலியும் கரையைத் துளைக்கின்றன. காட்டுப்பன்றி ஈரமண்ணைக் கிளறுகிறது. மாடு நீர் குடிக்க இறங்கும் இடத்தில் கரை மிதிபட்டுத் தாழ்கிறது. எல்லாம் விரற்கடை அளவு ஓட்டையாகத்தான் தொடங்கும். அன்றே ஒரு புல்கட்டியை வேரோடு வெட்டி, புல் மேலிருக்க அழுத்தி மிதித்துவிட்டால் வேர் பிடித்துக்கொள்ளும். இரண்டு நாள் விட்டால் வண்டி வண்டியாக மண் தேவைப்படும்.

கசிய வேண்டிய வாய்க்காலில் ஓட்டையை ஏன் அடைக்க வேண்டும் என்று கேட்கலாம். மண்ணின் முழுப்பரப்பிலும் மெல்ல ஊறி இறங்குவது வேறு, ஓர் இடத்தில் பீறிட்டு ஓடுவது வேறு. முன்னது மலைக்குள் போகிறது. பின்னது சரிவை அறுத்துக்கொண்டு ஓடையில் விழுகிறது. புதிதாக வருகிறவர்கள் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

நன்மை நினைத்துச் செய்த பெரிய கேடு சிமெண்டும் பிளாஸ்டிக் குழாயும். நீர் வீணாகிறது என்று வாய்க்காலை மூடிக் குழாய் பதித்தால், குழாயின் கடைசியில் அளக்கிற நீர் கூடும். சில ஆண்டுகளில் கரையோரக் கஷ்கொட்டை மரங்கள் மேலிருந்து பட்டுப்போகத் தொடங்கும், கீழே ஊற்று வற்றும். வீணானது என்று கணக்கெழுதிய தண்ணீர்தான் மரத்தையும் ஊற்றையும் காத்து வந்தது. பாசன ‘நவீனமயம்’ என்ற பெயரில் இப்போதும் இது நடப்பதைப் பார்த்தால், கணக்கு எழுதுகிறவர்கள் குழாயின் இரண்டு முனைகளை மட்டுமே பார்க்கிறார்கள் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

வாய்க்கால் கைமாறிய கதை

1492இல் முஸ்லிம் அரசான கிரனாடா கிறிஸ்தவ மன்னர்களிடம் வீழ்ந்ததும் அதன் கடைசி மன்னர் போஆப்தில் அல்புஹார்ராவுக்குத்தான் அனுப்பப்பட்டார். அடுத்த ஆண்டே வட ஆப்பிரிக்காவுக்குப் போய்விட்டார். மக்கள் தங்கினார்கள். சில ஆண்டுகளில் கட்டாய ஞானஸ்நானம் வந்தது. அப்படி மதம் மாற்றப்பட்டவர்களை மொரிஸ்கோக்கள் என்றார்கள். 1567இல் இரண்டாம் பிலிப் மன்னரின் ஆணை அவர்களுடைய அரபு மொழி, உடை, குளியலறை வரை தடை செய்தது. 1568 கிறிஸ்துமஸ் வேளையில் அல்புஹார்ரா கிளர்ந்தெழுந்தது. முதல் தலைவர் அபென் உமெயா 1569இல் சொந்த ஆட்களாலேயே கொல்லப்பட்டார். அடுத்து வந்த அபென் அபோவுக்கும் 1571இல் அதே கதி. அவர் இறந்தது பெர்ச்சுலெஸ் பக்கத்துக் குகை ஒன்றில்.

கிளர்ச்சி அடங்குவதற்கு முன்பே, 1570இல், மொரிஸ்கோக்களைக் கிரனாடா நாட்டிலிருந்து வெளியேற்றத் தொடங்கிவிட்டார்கள். காலியான ஊர்களில் குடியேற வடக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் கிறிஸ்தவக் குடும்பங்கள் அழைக்கப்பட்டன. வந்தவர்களுக்கு வீடும் நிலமும் மரங்களும் பங்கிட்டுக் கொடுத்தார்கள். எது யாருக்கு, எந்த வயலுக்கு எந்த வாய்க்கால் என்று எழுதிய பங்கீட்டுப் பதிவேடுகள் இன்றும் வரலாற்றாய்வாளர்களின் முதல் ஆதாரம்.

மழை நிறைந்த வடக்கிலிருந்து வந்தவருக்குக் கரேயோ எப்படித் தெரியும்? ஒவ்வோர் ஊரிலும் இரண்டு மொரிஸ்கோக் குடும்பங்களை விட்டுவைத்து வாய்க்கால் வேலையைக் கற்றுக்கொண்டார்கள் என்பது அல்புஹார்ரா முழுவதும் சொல்லப்படும் கதை. கதை எப்படியிருந்தாலும், நிலத்தின் எல்லையையும் நீர்வழியையும் அடையாளம் காட்ட விவரம் தெரிந்த மொரிஸ்கோக்களை அதிகாரிகள் வைத்துக்கொண்டது நடந்ததுதான். விரட்டியவர்கள் விரட்டப்பட்டவர்களின் வாய்க்காலை மட்டும் மாற்றவில்லை.

அதே அல்புஹார்ரா வட்டாரத்து ஊரான வாலோரில் செப்டம்பர் நடுவில் ‘மூர்களும் கிறிஸ்தவர்களும்’ என்ற கூத்து நடக்கும். மூர்கள் என்றால் அந்தக் கால முஸ்லிம்கள். ஊர்க்காரர்களே இரண்டு படைகளாகப் பிரிந்து, செய்யுள் வசனம் பேசி, வெடிமருந்துப் புகை கிளப்பிச் சண்டை போடுவார்கள். முடிவு எல்லோருக்கும் தெரிந்ததே, மூர்கள் தோற்பார்கள். கிளர்ச்சித் தலைவர் அபென் உமெயா பிறந்தது இந்த ஊரின் பெயரைத் தாங்கிய வாலோர்க் குடும்பத்தில்தான்.

ஒழுகக் கூடாத மண்

மேலே மலையில் மண் ஒழுக வேண்டும். வீட்டின் தலையில் ஒழுகக் கூடாது. அல்புஹார்ரா வீடுகளுக்கு ஓடு கிடையாது, தட்டை மாடி. கல்லைச் சேற்றில் வைத்துக் கட்டிய தடித்த சுவர்களின் மேல் கஷ்கொட்டை உத்தரங்கள். அவற்றின் குறுக்கே நாணலோ பிளந்த குச்சிகளோ, அதன் மேல் தட்டைப் பாறைப் பலகைகள். கடைசியாக, சாண் கனத்துக்கு ‘லௌனா’ என்ற சாம்பல்நிறக் களிமண். இதுவும் தகடு தகடான பாறை மக்கி வந்ததுதான். நனைந்தால் ஊதிப் பொருந்தி நீரை இறங்கவிடாது. விளிம்பில் பலகைக்கற்களை வெளியே நீட்டி வைத்து, காற்றில் எழும்பாமல் மேலே பாறாங்கல் ஏற்றியிருப்பார்கள். தேய்பிறையில்தான் லௌனா போட வேண்டும், இல்லாவிட்டால் ஒழுகும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை.

தேய்பிறை பார்த்துப் போட்டதுகூட ஒழுகத்தான் செய்யும். செடி முளைத்தால் வேர் வழி நீர் இறங்கும். பிடுங்கினாலும் துளை மிஞ்சும், உடனே மண் இட்டு மிதிக்க வேண்டும். கனத்த பனி விழுந்தால் உருகும்வரை காத்திராமல் மண்வெட்டியால் தள்ள வேண்டும். ஒவ்வொரு ஒழுகலுக்கும் மேலே மேலே மண் கொட்டினால், ஒருநாள் பாரம் தாங்காமல் உத்தரம் வளையும். இதற்குப் பயந்து லௌனாவின் மேல் சிமெண்டு பூசிய வீடுகளில் ஈரம் வெளியேற வழியில்லாமல் மரம் உள்ளுக்குள் மக்கிப்போனது.

தெருவின் குறுக்கே ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு உத்தரம் போட்டு மூடிய பகுதிகளும் உண்டு. ‘தினாவ்’ என்பார்கள். கீழே நிழல், மேலே கூடுதலாக ஓர் அறை. இந்தக் கட்டடக்கலையை நெருக்கமாகப் பார்க்க வேண்டுமானால் பொக்கேரா பள்ளத்தாக்கில் உள்ள பம்பனேய்ரா, புபியோன், கப்பிலேய்ரா ஊர்களுக்குப் போகலாம். 1982இல் அவை பாதுகாக்கப்பட்ட வரலாற்றுத் தொகுதியாக அறிவிக்கப்பட்டன. பெர்ச்சுலெஸ் அந்த அளவுக்குச் சுற்றுலா ஊராகவில்லை.

ஆகஸ்டில் புத்தாண்டு

சுற்றுலாக்காரர்களுக்குப் பெர்ச்சுலெஸைத் தெரிந்திருந்தால் அது பெரும்பாலும் இதனால்தான். 1994 டிசம்பர் 31 இரவு ஊரில் மின்சாரம் போய்விட்டது. ஸ்பெயினில் புத்தாண்டு பிறக்கும்போது மணியின் பன்னிரண்டு அடிக்கும் பன்னிரண்டு திராட்சை சாப்பிட வேண்டும். அந்த இரவு அது நடக்கவில்லை. மதுக்கடைகளில் வாங்கி வைத்ததும் விற்கவில்லை. விட்டதைக் கோடையில் பிடிப்போம் என்று 1995 ஆகஸ்டில் கொண்டாடினார்கள். அது நிலைத்துவிட்டது. இன்றும் ஆகஸ்டின் முதல் சனிக்கிழமை நள்ளிரவில் கோவில் மணிக்குத் திராட்சை சாப்பிடப் பல ஆயிரம் பேர் வருகிறார்கள். வேடிக்கையாகத் தோன்றினாலும் அதில் ஒரு நடைமுறைக் கணக்கு இருக்கிறது: பிழைப்புக்காக வெளியூர் போனவர்கள் எல்லோரும் ஊருக்குத் திரும்பும் மாதம் ஆகஸ்டுதான்.

இப்போது

1950களிலிருந்து அல்புஹார்ரா காலியாகிக்கொண்டே வந்தது. பார்சலோனாவுக்கும் பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் போனவர்கள் பலர். பிறகு அல்மேரியாக் கடற்கரையின் பிளாஸ்டிக் பசுமைக்குடில்கள் இழுத்துக்கொண்டன. மண்வெட்டி பிடிக்க ஆளில்லாத வாய்க்கால் நான்கைந்து குளிர்காலத்தில் மூடிவிடும். அப்படிப் பல மூடின.

2014இல் கிரனாடா பல்கலைக்கழகத் தொல்லியலாளர் ஹொசே மரியா மார்த்தின் சிவாந்தோஸின் குழு, கான்யார் என்ற அல்புஹார்ரா ஊரில் பார்ஹாஸ் வாய்க்காலை மாணவர்கள், தன்னார்வலர்கள், ஊர்ப் பாசனக்காரர்களோடு சேர்ந்து தூர்வாரி ஓடவிட்டது. அதன்பின் வேறு ஊர்களிலும் வேலை தொடர்ந்தது. பெர்ச்சுலெஸ் ஆற்றுப்படுகையில் ஸ்பெயினின் நிலவியல் ஆய்வு நிறுவனத்து நீரியலாளர்கள் கரேயோவை அளந்து ஆராய்ந்திருக்கிறார்கள். ஐரோப்பாவிலேயே மிகப் பழைய செயற்கை நிலத்தடி நீர்ச்செறிவூட்டல் முறைகளில் ஒன்று என்பது அவர்களின் மதிப்பீடு. தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் லிமா நகருக்கு மேலே உள்ள மலையில் இன்கா பேரரசின் காலத்துக்கும் முந்தைய இதே மாதிரி ஏற்பாடு ஒன்று உண்டு. அங்கே நீர் சராசரியாக 45 நாள் தாமதித்து வெளிவருவதாக 2019இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது.

தூர்வாரி முடித்ததும் படம் எடுத்துக்கொண்டு கிளம்புவது எளிது. அடுத்த வசந்தத்தில் கரை காக்க ஒரு நீர்க்கட்டிக்குக் கூலி யார் கொடுப்பது என்பதில்தான் இந்த முயற்சிகள் தடுமாறுகின்றன. பனியும் குறைந்து, முன்கூட்டியே உருகத் தொடங்கியிருக்கிறது. சேர்த்து வைக்க வேண்டிய தேவை கூடுகிற நேரத்தில் சேர்க்கிற நாட்கள் சுருங்குகின்றன.

பார்க்கப் போகிறவர்கள் மே மாதத்தில் போவது நல்லது. ஆகஸ்டில் கரேயோ வாய்க்கால் வறண்ட பள்ளமாகத்தான் தெரியும். வாய்க்கால் கரையே நடைபாதையாகவும் இருக்கும் என்பதால் வழி தவறாது. பள்ளப்பக்க விளிம்பில் மட்டும் மிதிக்க வேண்டாம், கரை தாழ்வது அப்படித்தான் தொடங்குகிறது. சரிவில் தண்ணீர் தானாக வழிந்துகொண்டிருப்பதைப் பார்த்து, உதவி செய்வதாக நினைத்து மடைக்கல்லை நகர்த்தி வைக்கவும் வேண்டாம்.